தொண்ணூற்றாறு பக்கத்தில் ஐரோப்பா

— “கிழக்கிலங்கையின் மூத்த கல்விமானும், பன்னூலாசிரியரும், சமாதான நீதவானும், ஓய்வுபெற்ற அதிபருமான அல்ஹாஜ் ஏ. எம். முத்தலிப் அவர்கள், எதிர்வரும் இருபத்து மூன்றாம் திகதி ஐரோப்பாக் கண்டத்துக்கு விஜயம் செய்யவுள்ளார் என்ற வரலாற்றுச் செய்தியை, உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்பேசும் மக்களுக்கு அறியத்தருவதில் பேருவகை அடைகின்றோம். அன்னாரின் ஒன்பது நாள் விஜயத்தை முழுக் கண்டமும் ஆவலுடன் எதிர்பார்த்திருக்கின்றது. இங்ஙனம், விழாக் குழு.” எப்பிடி இரிக்கி, சாலிஹ்?

— நல்லா இரிக்கி, சேர். “அன்னாரின்” எண்டத மட்டும் எடுப்பமா? அத நான் மரண அறிவித்தலுக்குத்தான் அடிக்கிற.

— எடு. முழுக் கண்டம் எண்டதில கை வெக்காத.

— விழாக் குழுவில யாரு யாரு, சேர்?

— நான்தான். ஆசைப்பட்டா நீயும் சேரு.

— நான் அச்சகக்காரன், சேர். எனக்கு இப்ப பக்கம் முடிவாகணும். நாளைக்கு விடிய சுபஹுக்குப் பொறகு மெசின்ல தவணைப் பரீட்சைத் தாள் ஏறுது. அது ஏறினா ஒரு மாசத்துக்கு எறங்காது. உங்கட புத்தகம் என்னென்ன ஊரு, எத்தின பக்கம் எண்டு இண்டைக்குப் பின்னேரம் அஸருக்குள்ள சொல்லிடுங்க. ராவைக்கு அடிச்சித் தாறன்.

— அதுக்குத்தானே உன்ன வீட்டுக்கே வரச் சொன்ன. இரி, இரி. றுகையா! அச்சகத்து சாலிஹ் வந்திரிக்கான், ஒரு பிளேன்டி! ம். குறிச்சிக் கொள்ளு. நூலின் பெயர், “ஐரோப்பிய மண்ணில் ஒரு கீழைச் சூரியன்.”

— அது அட்டையில ஏறிட்டு, சேர். சூரியனுக்குள்ள உங்கட முகத்தயும் போட்டிரிக்கன், நீங்க சொன்ன மாதிரி. ஒண்டு கேப்பன், கோவிக்கப்படா.

— கேளு.

— நீங்க இன்னம் போகல்லதானே?

— எங்க?

— ஐரோப்பாவுக்கு.

— போகல்ல. இப்பதானே வாசிச்சன், இருவத்தி மூணாந் திகதி எண்டு.

— பயண நூல் எண்டா போய் வந்து எழுதிறதுதான் வழக்கம்.

— அது மத்தவங்கட வழக்கம். சாலிஹ், நல்லா விளங்கிக் கொள்ளு. நான் திரும்பி வந்து எறங்கிறது ரெண்டாந் திகதி. பிரதம அதிதி வெளியீட்டு விழாவுக்குத் தந்த திகதி ஐஞ்சி. அத விட்டா அவருக்கு எட்டு மாசத்துக்கு நேரமில்ல. மூணு நாளைக்குள்ள ஒரு புத்தகத்த எழுதி, திருத்தி, அடிக்க ஏலுமா?

— ஏலா.

— அப்ப முன்னுக்கே எழுதணும். எழுதினபடி போகணும். எழுதினபடி பாக்கணும். எழுதின இடத்தில நின்டு ஆச்சரியப்படணும். இதுல என்ன பிழ?

— பிழ எண்டு இல்ல, சேர். “ஆச்சரியத்தில் உறைந்தேன்” எண்டு நாப்பத்தி ரெண்டு இடத்தில வருது. ஒம்பது நாளைக்குள்ள நாப்பத்தி ரெண்டு தரம் உறையிறது உடம்புக்குக் கூடாது.

— உனக்கு இலக்கியம் விளங்காது. பக்கத்துக்கு வா.

— பதினாறு பக்கம் ஒரு ஃபோம். ஆறு ஃபோம், தொண்ணூத்தாறு பக்கம். அதுல ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, நன்றியுரை எல்லாம் சேத்து முப்பத்தி நாலு. “நூலாசிரியர்: ஒரு நோக்கு” பதினாலு. அதோட மூணு ஃபோம் சரி. ஐரோப்பாவுக்கு மிச்சம் மூணு ஃபோம். நாப்பத்தெட்டுப் பக்கம்.

— ஐரோப்பாவுக்கு அது தாராளம்.

— நீங்க தந்தது அறுபது, சேர். பாரிஸ் பதினாறு, ரோம் பன்ரண்டு, பேர்லின் பன்ரண்டு, வெனிஸ் பத்து, அம்ஸ்டர்டாம் பத்து. பன்ரண்டு பக்கம் எங்கயாவது வெட்டணும். வாழ்த்துரையில ரெண்டு மூணு…

— சாலிஹ்! வாழ்த்துரை தந்த ஆக்கள்தான் மேடையில இரிக்கிற ஆக்கள். ஒரு வாழ்த்துரைய எடுத்தா ஒரு கதிரை காலி.

— அப்ப “ஒரு நோக்கு”?

— அது என்ட வாழ்க்கை.

— அதுல ஐஞ்சாம் வகுப்புப் புலமைப் பரிசில் புள்ளியும் வேணுமா, சேர்?

— அதுதான் அத்திவாரம். ஊரு ஒண்ட வெட்டு. கண்டம் பெரிசு, ஒண்டு கொறஞ்சா தெரியாது.

— பன்ரண்டு பக்கம் எண்டா ஒண்டில் ரோம், ஒண்டில் பேர்லின்.

— ரோமைத் தொட ஏலா. சிதைஞ்ச தூண்களுக்கு நடுவில நின்டு, நான் கல்முனை பஸ் நிலையத்த நினச்சிக் கண்ணீர் விட்டிரிக்கன்.

— ஓம், அது பொருத்தமான இடம். வெனிஸத்தான் எனக்கு விளங்கல்ல. “வீதியெல்லாம் நீராய், நீரெல்லாம் ஓடமாய்க் கண்டு உறைந்தேன்” எண்டு எழுதியிரிக்கீங்க. போன மார்கழி மழைக்கு தோணா வாய்க்கால் பெருகி, சாய்ந்தமருதுல எங்கட ஒழுங்கைக்குள்ள நாங்க தோணியில போய்த்தான் பேக்கரியில பாண் வாங்கின. ஆரும் உறையல்ல. பிரதேச செயலகத்துக்கு ஏசினதுதான்.

— அதுதான் நம்மட ஆக்களுக்கு அழகுணர்ச்சி இல்ல எண்டு சொல்ற. பேர்லினையும் லேசில விட ஏலா. அதுல என்ட கவிதை இரிக்கி.

— சுவர்க் கவிதைதானே? “பெருஞ் சுவரே, மனிதரைப் பிரித்து இன்னும் ஏன் நிற்கிறாய்?” எண்டு வருமே. அந்தச் சுவர இடிச்சி முப்பத்தஞ்சி வருசமாகுது, சேர்.

— இடிச்சா? ஆரு?

— அங்கத்தைய சனம்தான். உங்களக் கேக்காமச் செஞ்சிட்டாங்க.

— …பேர்லினை வெட்டு. பொறுமையில்லாத ஊரு.

— அப்ப நீங்க பேர்லினுக்குப் போறதும் இல்லையா?

— புத்தகத்தில இல்லாத ஊருக்கு எதுக்குப் போற?

— பிளேன்டி எடுங்க, சாலிஹ் தம்பி. இஞ்சி தட்டிப் போட்டிரிக்கன். இஞ்சேருங்க, உங்களுக்குச் சீனி இல்ல. என்ன, பேர்லின் இல்ல எண்டு கேட்டிச்சி?

— வெட்டியாச்சி, ராத்தா. எடமில்ல.

— அப்ப பேர்லினுக்கெண்டு வெச்ச ரெண்டு நாளும் சும்மாதானே கெடக்கு. அத பீலுக்குத் தாங்களன்.

— பீலா? அது எங்க, ராத்தா?

— சுவிஸ்ல. சூரிச்சில பிளேனால எறங்கி, ரயில்ல ஒண்டரை மணித்தியாலம். என்ட தங்கச்சி சரீபா இரிக்கிற ஊரு.

— றுகையா, இங்க ஒரு நூலின் தலைவிதி முடிவாகிக் கொண்டிரிக்கி. உள்ள போ.

— போறன். மறுமொழியச் சொல்லுங்க. டிக்கட் சூரிச்சுக்குத்தானே. டோஹாவில இரிக்கிற மகள், வாப்பாவும் உம்மாவும் ஒருக்கா உலகத்தப் பாக்கட்டும் எண்டு எடுத்துத் தந்தது. சூரியனுக்கெண்டு எடுத்துத் தரல்ல.

— பீல்ல என்ன இரிக்கி? கோபுரம் இரிக்கா? அரண்மனை இரிக்கா? மேடையில நின்டு “நான் பீலில் நின்றேன்” எண்டு சொன்னா ஒருத்தராவது தலையாட்டுவாங்களா?

— சரீபா இரிக்காள். நாப்பது வயசில தலைப்புள்ள வயித்தில. டொக்டர் சொன்ன திகதி இருவத்தி ஏழு. உம்மா இருந்தா உம்மா போவா. உம்மா மவுத்தாகி ஆறு வருசம். பக்கத்தில நிக்க எண்டு அவளுக்கு நான் ஒருத்திதான். நான் கேக்கிறது ஒண்டுதான், சாலிஹ் தம்பி. அந்தப் புள்ளய என்ட கையில வாங்கணும்.

— மாஷா அல்லாஹ்! நல்ல விசயம்தானே, சேர்.

— உனக்கு இந்தக் குடும்ப வரலாறு தெரியா, சாலிஹ். பதினோரு வருசத்துக்கு முந்தி எனக்கு ஒரு அவமானம் நடந்த.

— என்ன அவமானம்?

— அத என்ட வாயால சொல்ல ஏலா.

— நான் சொல்றன். சரீபாட கலியாணம். இவரு அட்டாளைச்சேனையில ஒரு விழாவில பொன்னாடை போத்தி, அதக் கழட்ட மனமில்லாம அப்பிடியே கலியாண வீட்டுக்கு வந்தாரு. நல்ல வெயில். நிழல் எண்டு போய் நின்ட இடம் பிரியாணிக் கிடாரத்துக்குப் பக்கத்தில. மாப்புள றஸ்மி வந்து எறங்கினான். ஆளு புதிசு, இவரத் தெரியா. தோள்ல கெடந்தத துண்டு எண்டு நினச்சி, “நானா, சோறு வெந்திட்டா?” எண்டு கேட்டுட்டான்.

— யா அல்லாஹ்.

— துண்டு! ஜரிகை வெச்ச பொன்னாடை, சாலிஹ்! ஒரு அதிபரப் பாத்து, ஒரு சமாதான நீதவானப் பாத்து!

— நீங்க என்ன சொன்னீங்க, சேர்?

— அத விடு.

— சொல்லுங்களன்.

— …“ஓம், வெந்திட்டு” எண்டு சொல்லிட்டன். வாய் தவறி வந்திட்டு. அதுதான் இண்டைக்கும் நோகுது.

— சிரிக்காதீங்க, சாலிஹ் தம்பி, பிளேன்டி புரைக்கேறும். அண்டையில இருந்து பதினோரு வருசம் இவரு றஸ்மியோட கதைக்கிறல்ல. அவங்க அங்க போய்ப் பத்து வருசம். ஒரு பெருநாளுக்கு ஸலாம் இல்ல. நான் சரீபாவோட கதைக்கிறது குசினிக்குள்ள நின்டு, தண்ணிக் குழாயத் தொறந்து வெச்சிட்டு. இத்தனைக்கும் அந்த றஸ்மி இப்ப பீல்ல ஒரு ஹோட்டல்ல சமையல்காரன். நீங்க போய் அவன்ட்ட ஒரு தரம் கேளுங்க, “சோறு வெந்திட்டா” எண்டு. விசயம் முடிஞ்சிது.

— முடியாது. அவன் வந்து முதல்ல மாப்புக் கேக்கட்டும்.

— மாப்பு எண்டு சொன்னீங்களே, நல்லதாப் போச்சி. போன கிழமை முழுக்க எங்க திரிஞ்சீங்க?

— பயணம் சொல்லப் போன.

— ஓம் சேர், நானும் கேள்விப்பட்டன். ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் போற மாதிரி வீடு வீடாப் போய், “தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழைய மன்னிச்சிக்கங்க” எண்டு கேட்டீங்களாம். மீன் யாவாரி முபாறக் பயந்திட்டான். உங்களுக்கு ஏதும் கடும் வருத்தமாக்கும் எண்டு என்ட்ட வந்து கேட்டான்.

— கண்டம் விட்டுக் கண்டம் போறவன் சொல்லிட்டுத்தான் போகணும். அது பண்பாடு.

— மருதமுனையில இருந்து வரிப்பத்தான்சேனை வரைக்கும் ஆட்டோவில போய் மாப்புக் கேட்டீங்க. எங்கட வீட்டுக் கூரையில கல்லெறிஞ்சவன்ட்டயும் கேட்டீங்க. றஸ்மிட்ட மட்டும் ஏன் கேக்கல்ல? அவனுக்கு நீங்க பதினோரு வருசமா ஸலாம் சொல்லல்லையே, அது பிழ இல்லையா?

— அவன் தூரத்தில இரிக்கான்.

— அந்தத் தூரத்துக்குத்தானே டிக்கட் எடுத்திரிக்கி.

— சாலிஹ், நீ சொல்லு. பீலுக்கு எடமிரிக்கா?

— புத்தகத்தில எடமில்ல, ராத்தா. பன்ரண்டு பக்கத்த வெட்டித்தான் நாப்பத்தெட்டுக்கு வந்து நிக்கி.

— கேட்டுக்கிட்டியா? அச்சகமே சொல்லுது.

— எனக்குப் புத்தகத்தில எடம் வேணாம். பயணத்தில எடம் தாங்க.

— ரெண்டும் ஒண்டுதான். பேர்லின்ட ரெண்டு நாளும் பாரிசுக்குப் போகும். பாரிஸ்தான் நூலின் இதயம். இல்லையா, சாலிஹ்?

— அது பொய்யில்ல, சேர். மத்த ஊரெல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்தக்குள்ள எனக்கு நித்திரை வந்த. பாரிசில வரல்ல. ஒரு இடத்தில கண் கலங்கிட்டு. இந்தா, இந்தப் பக்கம்.

— வாசி. றுகையா, நீயும் நின்டு கேளு. அப்பதான் நான் எதுக்குப் பாரிசுக்குப் போறன் எண்டு உனக்கு விளங்கும்.

— “காலை ஆறு மணிக்குப் பாண் கடை வரிசையில் நின்றேன். குளிர். எனக்கு முன்னால் நின்ற கிழவி திரும்பி என் கைகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய இடது கையுறையைக் கழற்றி என்னிடம் தந்தாள். வலது கையுறையை அவளே வைத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு கையுறையோடு பாண் வாங்கினோம். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் இருந்தது.”

— எப்பிடி?

— சேர், இதுல “வரலாறு” எண்ட சொல் இல்ல. ஆரும் உறையவும் இல்ல, அவ்வளவு குளிருக்குள்ளயும். இது நீங்க எழுதினதுதானா?

— பின்ன? அது என்ட முதிர்ந்த நடை.

— “அதற்குப் பிறகு அந்த ஊரில்” எண்டு வருதே. நீங்க அங்க நிக்கிறது ரெண்டு மூணு நாள்தானே?

— அது… ஒரு உத்தி.

— இஞ்சேருங்க, நான் சொல்லவா?

— என்னத்தச் சொல்லப் போறாய்?

— அந்தக் கை சரீபாட கை, சாலிஹ் தம்பி.

— என்ன ராத்தா சொல்றீங்க?

— இவரு என்ட்ட ஒரு சீஆர் கொப்பியத் தந்து, “இந்தக் காலத்தில எல்லாம் போன்ல கெடக்கு. அங்கத்தைய சனம் விடிய எழும்பி என்ன செய்யும், குளிருக்கு என்ன செய்யும், என்ன தின்னும், தேடி எழுதித் தா. பாரிஸ் அத்தியாயத்துக்குச் சில்லறைத் தகவல் வேணும்” எண்டாரு. எனக்குத் தேட எங்க தெரியும்? நான் சரீபாட்டக் கேட்டன். அவள் வயோதிபர் இல்லத்தில உடுப்புக் கழுவிற வேலைக்குப் போற வழியில, நடந்து நடந்து வொய்ஸ் அனுப்பினாள். முப்பத்தி ஏழு வொய்ஸ். அவள் “நான், நான்” எண்டு சொன்னாள். நான் அப்பிடியே எழுதினன். இவரு அந்த “நான்”ஐ அப்பிடியே வெச்சிக்கிட்டாரு.

— நீ கூகிள்ல எடுத்தது எண்டுதானே சொன்னாய்!

— நீங்க கேக்கல்ல. “தகவல் நல்லா இரிக்கி” எண்டு மட்டும்தான் சொன்னீங்க. கலியாணம் முடிச்சி முப்பத்தி நாலு வருசத்தில நான் எழுதின ஒண்ட நீங்க நல்லா இரிக்கி எண்டு சொன்னது அதுதான் முதல் தரம். அதக் கெடுக்க எனக்கு மனம் வரல்ல.

— சேர், தண்ணி ஏதும் குடிக்கிறீங்களா?

— பதினாறு பக்கமுமா, றுகையா?

— தலைப்பு உங்கட.

— என்ட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்.

— சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?

— இல்ல.

— அதுதான் சொல்லல்ல.

— நன்றியுரையில அவங்கட பேரப் போடுவமா, சேர்?

— “நலன்விரும்பி ஒருவர்” எண்டு போட்டா போதும்.

— அதுக்கும் எடமில்ல. பிரதம அதிதிட சாரதி வரைக்கும் பேரு ஏறிட்டு.

— எங்களுக்குப் பேரு வேணாம், தம்பி, நாள்தான் வேணும். நல்லாக் கேளுங்க, அல்ஹாஜ் ஏ. எம். முத்தலிப் அவர்களே. பீல் இல்லாட்டி, ஐஞ்சாந் திகதி பொம்புளைகள் பக்கம் முன் கதிரையில நான் வந்து இரிப்பன். நீங்க மேடையில கையுறைக் கதைய வாசிக்கத் தொடங்கக்குள்ள, இந்தப் போன்ல சரீபாட குரலச் சத்தமா விடுவன்.

— நீ அப்பிடிச் செய்ய மாட்டாய்.

— மகள் அனுப்பின ஸ்பீக்கர் பெட்டி உள்ள இரிக்கி. தூசு தட்டினாச் சரி.

— ராத்தா செய்வா, சேர். எனக்கு விளங்குது.

— மிரட்டலுக்குப் பணியிறவன் இல்ல நான். ஆனா மனிதாபிமானம் எண்டு ஒண்டு இரிக்கி. அதன் அடிப்படையில, பீலுக்கு ரெண்டு நாள் ஒதுக்கிறன். இருவத்தி ஆறு, இருவத்தி ஏழு.

— புள்ளயும் உங்கட பிரதம அதிதி மாதிரித்தான், சொன்ன நேரத்துக்கு வராது. தலைப்புள்ள முந்தியும் வரும், பிந்தியும் வரும்.

— மூணு நாள்.

— பெத்த ஆளுக்கு ஆரு பத்தியக் கறி ஆக்கிக் குடுக்கிற? ராவைக்கு ஆரு முழிக்கிற?

— அவன்தானே சமையல்காரன்!

— அவன் விடிய போனா ராவைக்கு வாறவன். நாலு நாள் குடுங்க. வெனிஸை விடுங்க.

— வெனிஸ்…

— தோணா இரிக்கி, சேர். மார்கழியில வாங்க, தோணியில நானே கூட்டிப் போறன்.

— வெட்டு. பத்துப் பக்கத்துக்கும் வாழ்த்துரைப் படங்களப் பெரிசாக்கிப் போடு.

— பெரிசாக்கலாம். காது பக்கத்துக்கு வெளிய போகும்.

— அம்ஸ்டர்டாமும் வேணாமே. அங்க போய் என்ன செய்யப் போறீங்க?

— அம்ஸ்டர்டாமில சைக்கிளில சுத்தினத பத்துப் பக்கம் எழுதியிரிக்கன், றுகையா.

— உங்களுக்கு சைக்கிள் ஓடத் தெரியுமா?

— …வெட்டு, சாலிஹ்.

— இருவது பக்கம் வெறுமையாக் கெடக்கு, சேர். ஒரு ஃபோம் போக நாலு பக்கம் கூடி நிக்கிறதால ஃபோமும் ஒடையுது. ஒரு யோசனை சொல்லவா?

— சொல்லு.

— ரோமையும் எடுத்தா முப்பத்தி ரெண்டு. சரியா ரெண்டு ஃபோம். புத்தகம் அறுவத்தி நாலு பக்கத்தில அழகா வந்து நிக்கும்.

— சாலிஹ்! நீயும் அவட பக்கம் சாஞ்சிட்டியா?

— நான் ஃபோம் பக்கம், சேர். கல்முனை பஸ் நிலையத்த நினச்சி அழறதுக்கு ரோமுக்குப் போகணுமா? பஸ் நிலையத்துக்கே போய் அழலாமே, பத்து நிமிசம்.

— இவருக்கு முழங்காலும் ஏலா, தம்பி. பள்ளிவாசல் மாடிக்கு ஏறினா ரெண்டு நாள் எண்ணெய் போடணும். ரோம்ல அந்தத் தூணெல்லாம் ஆரு சுத்துற?

— போகட்டும். ரோமையும் எடு. வீழாத பேரரசா. ம்… இப்ப என்ன மிச்சம்?

— வாழ்த்துரை வகையறா முப்பத்தி நாலு, நீங்க பதினாலு, ஐரோப்பா பதினாறு.

— பாரிஸ் மட்டும்.

— பாரிஸ் மட்டும், சேர்.

— சரி. என்ட கடைசி முடிவ எழுதிக் கொள்ளு. பீல் நாலு நாள், பாரிஸ் அஞ்சு நாள். இதுக்கு மேல ஆரு என்ன சொன்னாலும் நான் அசைய மாட்டன்.

— பாரிசுக்கு எதுக்கு அஞ்சு நாள்?

— றுகையா, இனி நான் வீம்புக்குச் சொல்லல்ல. அந்தக் கொப்பிய நீ தந்த அண்டைக்கு, நான் அத மூணு தரம் வாசிச்சன். அதுக்கு முந்தி எனக்கு மேடையும் மாலையும்தான் தேவை. அத வாசிச்ச பொறகுதான் உண்மையாவே அங்க போகணும் எண்டு ஒரு ஆசை வந்த. அந்தப் பாண் கடையில, அந்தக் குளிருக்குள்ள, ஒருத்தருக்கும் ஆரெண்டு தெரியாம, நானும் ஒருக்கா வரிசையில நிக்கணும். சிரிக்காத.

— நான் சிரிக்கல்ல. நில்லுங்க. அந்தப் பாண் கடை வரிசையில அஞ்சு நாள் ஏன், ஒம்பது நாளும் நில்லுங்க.

— ஒம்பது நாளும் பாரிசில நின்டா உன்ட தங்கச்சிட்ட எப்பிடிப் போற? புள்ளய ஆரு வாங்கிற?

— சரீபா பாரிசுக்குப் போனதே இல்ல.